போர் தண்ணீரும் வாஷிங் மெஷினும்: நாற்றம் வரவைக்கும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும், மாடித் தொட்டி வழியாக மெஷினுக்குப் போவது பல வீடுகளில் போர் தண்ணீர்தான். கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த இந்த உப்புத் தண்ணீரில் நுரை சரியாக எழும்பாது. நுரை வரவில்லையே என்று இன்னொரு கரண்டி பவுடர் போடுகிறோமே, நாற்றத்துக்கு முதல் காரணம் அதுதான். அலசியும் போகாத பவுடர், துணியின் எண்ணெய்ப் பசையோடும் தண்ணீரின் சுண்ணாம்போடும் சேர்ந்து, டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே பசைபோல் படிகிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்வது அங்கேதான். காலரில் பார் சோப்பைத் தேய்த்து அப்படியே உள்ளே போடுவது இன்னும் மோசம். சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத பிசுக்குதான் மிஞ்சும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனரும் அந்தப் பிசுக்கில்தான் போய்ச் சேரும்.

பழைய பவுடர் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, துணியும் பவுடரும் இல்லாமல் வெந்நீரில் ஒரு முறை ஓட விடுங்கள். நுரை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைப்பது அடுத்த தவறு. ஓசூர், தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் பவுடர் பாதிதான் கரையும்; ஒரு மக் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள், அல்லது லிக்விடுக்கு மாறுங்கள்.

உப்புப் படிவுக்கு மாதம் ஒருமுறை, காலி டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டினால் போதும். சூடு கூடினால் நல்லது என்று 90 வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கால்சியம் சிட்ரேட்டாக மறுபடி படியக்கூடும். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் சிட்ரிக் ஆசிட்டோடு இரண்டு வாளி வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். கொதிநீர் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கின்றன. டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் தொடவே கூடாது. பிளீச்சிங் பவுடரையும் எந்த ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். இது உயிருக்கே ஆபத்து.

துவைத்ததும் கதவை மூடிவிடுவது, ஈரத் துணியை இரவு முழுக்க உள்ளேயே விடுவது: இரண்டும் வேண்டாம். ஃபிரன்ட் லோடில் கதவு ரப்பரின் கீழ் மடிப்பை விரித்துத் துடையுங்கள், முடியும் பஞ்சும் அங்கேதான் சேரும். பவுடர் டிரேயைக் கழற்றிக் கழுவுங்கள்.

கீழ் மூலையில் சின்ன மூடிக்குள் இருக்கும் டிரெயின் ஃபில்டர் பலருக்குத் தெரிவதே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, அடியில் ஒரு தட்டு வைத்து, மெதுவாகத் திருகுங்கள். நாற்றத் தண்ணீரோடு காசு, கொக்கி எல்லாம் வரும். போரில் மணல் வந்தால், தண்ணீர் நுழையும் குழாயின் சின்ன வலையையும் கழற்றி அலசுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நாறினால், வடிகுழாயைப் பாருங்கள். சாக்கடைப் பைப்புக்குள் ஆழமாகச் செருகியிருந்தால் வாடை அங்கிருந்தே மேலே ஏறும். சற்று வெளியே இழுத்து, வளைவாக உயர்த்திக் கட்டுங்கள்.