ஈறில் ரத்தம் வரும் இடத்தைத்தான் நன்றாகத் தேய்க்க வேண்டும்

வாய் கொப்பளித்துத் துப்பும்போது ரத்தம் தெரிந்தால், மறுநாளிலிருந்து பலர் அந்தப் பக்கம் பிரஷையே கொண்டுபோவதில்லை. ஈறு கெடுவது அதனால்தான். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படியும் கிருமிப் படலமே ஈறை வீங்கவைத்து ரத்தம் கசியச் செய்கிறது. எடுக்காமல் விட்டால் சில நாட்களில் இறுகிக் காரையாகும். காரை கட்டிவிட்டால் பிரஷால் போகாது.

நார் மென்மையான பிரஷ் போதும். நாரை ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். மேல்வரிசைக்கு மேல்நோக்கி, கீழ்வரிசைக்குக் கீழ்நோக்கி. நுனி ஈறுக்கடியில் லேசாக நுழையும். அழுத்தாமல் அதே இடத்தில் பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு அடுத்த இரண்டு பற்களுக்கு நகருங்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம். குறுக்கே அரக்கித் தேய்த்தால் ஈறு இறங்கி வேர் தெரியும், பல் கூசும். புது பிரஷின் நார் ஒரே மாதத்தில் விரிந்துவிட்டால் கை அழுத்தம் அதிகம்.

கீழ் முன்பற்களின் உட்பக்கத்தைக் கண்ணாடியில் பாருங்கள். எச்சில் சுரந்து வரும் இடம் அருகில் இருப்பதால் காரை அங்கே சீக்கிரம் கட்டும். மஞ்சளாக, நகத்தால் சுரண்டினாலும் வராது.

பல்லிடுக்குக்குத் தினம் ஒருமுறை இடுக்கு பிரஷ். நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் நூல். ஊக்கும் குண்டூசியும் ஈறைக் கிழிக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், ஆனால் படலம் போகாது. டாக்டர் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் (கிருமி கொல்லும் வாய்க்கொப்பளிப்பு மருந்து) எழுதித் தந்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், தினம் இருவேளை. பேஸ்ட் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் பல் தேய்த்து அரைமணி கழித்துக் கொப்பளியுங்கள். சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் கறை ஏறும்.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லையா? உள்ளே காரை இருக்கலாம்; பல் டாக்டரிடம் போங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் என்றால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பையாகிறது, வேர்வரை சுத்தம் செய்ய வேண்டிவரலாம். ஸ்கேலிங் (டாக்டர் கருவியால் காரையை எடுப்பது) செய்தால் பல் ஆடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். அப்படி ஆடினால், பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்திருக்கும். கட்டியிருந்த காரை அந்த ஆட்டத்தை மறைத்திருக்கும். கரைந்த எலும்பு தானாக வளராது.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தும் ரத்தம் குறைவாகவே வரும். ரத்தமில்லை என்று நம்பிவிடக் கூடாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு ஆறவும் தாமதமாகும். பிரஷருக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் சொல்லுங்கள்.