எல்க் வேட்டை: தூரம் போனால் மட்டும் போதாது

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்களிடம், சாலையை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறீர்களோ அவ்வளவு நல்லது என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. எல்க் தேடுவது தொந்தரவில்லாத இடத்தை. தூரம் அதற்கு ஒரு பொருட்டல்ல. நடைபாதை போய் முடியும் ஏரிக்கரை எட்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் அங்கே கூடாரங்கள் நிற்கும். சாலைக்குப் பக்கத்திலேயே, சாய்ந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் செங்குத்துச் சரிவில் ஆள் நடமாட்டம் இருக்காது. வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சரிவுகளைத்தான்.

ஜூலையில் கண்ட மந்தையை நம்பி அக்டோபரில் போவது இன்னொரு தவறு. கோடையில் மலையுச்சிப் புல்வெளிகளில் மேய்ந்த ஆண் மான்கள், செப்டம்பரில் இணைசேரும் காலம் வந்ததும் பெண் மந்தைகளைத் தேடிப் போய்விடும். துப்பாக்கிச் சத்தம் கேட்டபின் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் ஒடுங்கிவிடும். ஆகவே மந்தையை எண்ணுவதைவிடத் தடயம் பார்ப்பது மேல். கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசின் காய்ந்து இறுகி, மரம் நிறம் மங்கியிருந்தால் அது பழைய வடு. அதே இடத்தில் புதியதும் பழையதுமாகப் பல வடுக்கள் இருந்தால், ஆண் மான்கள் ஆண்டுதோறும் அங்கே வருகின்றன என்று நம்பலாம்.

காற்றை மறப்பவர்களும் உண்டு. வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேல்நோக்கி வீசும்; மாலையில் கீழே இறங்கும். உங்கள் வாடை மானை எட்டாதபடி, போகும் வழியை அதற்கேற்ப வகுக்க வேண்டும்.

1964ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் இறைச்சி இழுக்கும் தள்ளுவண்டியும்கூடக் கூடாது. குதிரைக்குத் தடையில்லை. பக்கத்து வயோமிங்கில் இத்தகைய பகுதிகளில் எல்க் வேட்டையாட, வெளிமாநிலத்தார் உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, திரும்பும் கணக்கைப் போடாதது. வளர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கினாலும் சுமார் 100 கிலோ இறைச்சி மிஞ்சும். தனியாளுக்கு அது நான்கு நடைச் சுமை. எட்டு கிலோமீட்டர் உள்ளே சுட்டால், இறைச்சியை வெளியே கொண்டுவர மட்டும், சுமையோடு நான்கு முறை வெளியே, வெறுங்கையோடு மூன்று முறை உள்ளே என 56 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில். செப்டம்பர் வெயிலில் தோலை உடனே உரிக்காவிட்டால் எலும்பை ஒட்டிய சதை முதலில் கெடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது கொலராடோவில் குற்றமும்கூட. சுமைக் குதிரை வேண்டுமென்றால் பருவத்துக்கு முன்பே பேசிவைத்துவிடுங்கள். மான் விழுந்தபின் தேடினால் குதிரைக்காரர்கள் வேறொருவரின் முகாமில் இருப்பார்கள்.