கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு சென்சார் விளக்கு

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஸ்மார்ட் கருவி வாங்க நினைத்தால், கேமராவையும் பேசும் ஸ்பீக்கரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும், ஆள் நடந்தால் தானே எரியும் மோஷன் சென்சார் விளக்கு வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் சுவிட்சைத் தேடித் தடவும்போது தடுக்கி விழுவது சுலபம்.

விளக்கை முழங்காலுக்குக் கீழே பொருத்துங்கள். கண்ணில் அடிக்காது, தரையில் கிடக்கும் செருப்பும் மிதியடியின் மடிந்த ஓரமும் தெளிவாகத் தெரியும். பளீர் வெள்ளையைவிட மங்கலான மஞ்சள் நல்லது, திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வரும். இந்த சென்சார்களில் பெரும்பாலானவை உடம்புச் சூட்டின் அசைவை உணர்ந்து எரிபவை. குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் கொஞ்சம் தாமதிக்கும். அதனால் எதிர்ச்சுவரைவிடப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி. அணையும் நேரத்தை 2 நிமிடமாவது வையுங்கள். மெதுவாக நடப்பவர் பாதி வழியில் இருட்டில் நிற்கக் கூடாது.

வைஃபை இல்லாமலே எரியும் வகை போதும். வைஃபையில் இயங்கும் ஸ்மார்ட் பல்பில் ஒரு சிக்கல் உண்டு: பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் அது ஸ்மார்ட்டும் இல்லை, பல்பும் இல்லை. பேட்டரியில் எரியும் விளக்கென்றால், அதை மாற்றும் நாளை உங்கள் போனிலேயே நினைவூட்டலாகப் போட்டுக்கொள்ளுங்கள், அதையும் பெரியவர்கள் தலையில் கட்டாதீர்கள்.