கனடாவில் பழைய கார்: கறளிடம் கொடுக்காமல் வைத்திருப்பது எப்படி?

வந்து ஒரு வருசத்துக்குள் நம்மவர்களில் பலர் வாங்குவது பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு கொரோலாவோ சிவிக்கோதான். நல்ல முடிவு. வடிவாகப் பராமரித்தால் அந்தக் கார்கள் 300,000 கிலோமீற்றரையும் தாண்டி ஓடும். ஆனால் வாங்கும்போது எல்லோரும் கிலோமீற்றரை மட்டும் பார்க்கிறோம். ஒன்ராறியோவில் முதலில் பார்க்க வேண்டியது காரின் அடிப்பக்கம். இங்கே பல கார்கள் எஞ்சின் நன்றாக இருக்கும்போதே கறள் பிடித்துத்தான் கழிவுக்குப் போகின்றன.

குளிர்காலத்தில் வீதி வழுக்காமல் இருக்க உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் சில்லு சுழலும்போது தெறித்து, கழுவாத இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நான் வந்த இரண்டாவது குளிர்காலத்தில் மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்குப் பிறேக்கை மிதித்தேன். பெடல் தரைவரை இறங்கிவிட்டது. ஹாண்ட் பிறேக்கை இழுத்து ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின் சில்லுக்குக் கிட்ட ஸ்னோவில் தேன் நிறத்தில் ஒரு கறை. பிறேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய் கறள் பிடித்து ஓட்டையாகியிருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டியபோது, விரல் பட்ட இடம் காய்ந்த அப்பளம் போல உதிர்ந்தது. கார் ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தருகிற சேஃப்டி சான்றிதழ் எடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

அதனால் சொல்கிறேன்: சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லுபடியாகும். சோதித்த அன்று கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. தனியாரிடம் வாங்கினால், அரசாங்க அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவின் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும். முன்னைய உரிமையாளர்கள், கார்மேல் கடன் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு, உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காசு கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காசு வீண் போகாது.

வாங்கிவிட்டீர்களா? ஒக்ரோபர் முடிவதற்குள் கறள் தடுப்பு எண்ணெய் அடியுங்கள். கதவுக்குள், கதவுக்குக் கீழுள்ள வாசல்படிக்குள், அடிப்பக்கம் முழுக்க அடிப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் சொட்டும். பரவாயில்லை, இடுக்கெல்லாம் ஊறுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு வருசமும் அடிக்க வேண்டும். தார் போலக் காய்ந்து இறுகும் கறுப்புப் பூச்சைப் பழைய காருக்குப் பூசாதீர்கள். அது வெடித்தால் உள்ளே ஈரம் தங்கி, வெளியே தெரியாமலே இரும்பைத் தின்றுவிடும். குளிர்காலத்தில் பூச்சியத்துக்கு மேல் வெயில் எறிக்கிற நாளில் அடிப்பக்கமும் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். அபார்ட்மென்ற் நிலக்கீழ்த் தரிப்பிடம் சூடானது என்றால் இன்னும் கவனம்: ஈரமும் சூடும் சேர்ந்தால் உப்பு வேகமாக அரிக்கும்.

ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே கட்டாயம் விட வேண்டும். ரேடியேற்றரில் தண்ணி குறைந்தால் குழாய்த் தண்ணியை ஊற்றுவோம் அல்லவா? இங்கே அது உறைந்து விரிந்தால் எஞ்சினே வெடித்துப் பிளந்துவிடும். எஞ்சினைக் குளிர்விக்கிற, உறையாத திரவமான கூலன்றும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகைவரை உறையாது. உங்கள் காருக்குரிய வகையையே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கண்ணாடி கழுவும் நீரும் மைனஸ் 40 என்று போட்டதாக இருக்கட்டும்.

விடக்கூடாத ஊர்ப் பழக்கமும் உண்டு. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களை உயிரோடு வைத்திருந்தது, காலையில் பொனற்றைத் திறந்து பார்க்கிற பழக்கம். இங்கே வாரம் ஒருமுறை போதும். மட்டமான தரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஒயில் குச்சியை இழுத்துத் துடைத்து, திரும்ப முழுதாக விட்டு இழுங்கள். இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் ஒயில் நிற்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லீற்றர். பழைய எஞ்சின் ஒயில் குடிப்பது சாதாரணம். குறைந்தது தெரியாமல் ஓட்டுவதுதான் அதைக் கொல்லும். டாஷ்போர்ட்டில் ஒயில் விளக்கு எரியும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். குச்சியில் பால்கோப்பி போல ஏதும் தெரிந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒயிலுக்குள் கூலன்ற் கலந்திருக்கலாம்.

ரயர் விசயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லை. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஆனால் போட்டால் ஒன்ராறியோவில் காப்புறுதியில் கழிவு உண்டு, கேட்டு வாங்குங்கள். மூன்று சிகர மலையும் பனிப்பூவும் பொறித்த ரயர், நாலு சில்லுக்கும். இரண்டு மட்டும் போட்டால் கார் சுழலக்கூடும். சில்லு மாற்றி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குவியுங்கள். வெப்பநிலை 5, 6 பாகை குறையக் காற்றழுத்தமும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும் என்பதால், குளிர் கூடிய வாரங்களில் அளந்து பாருங்கள். சரியான அளவு சாரதி கதவு நிலையில் ஒட்டியிருக்கும்.

பற்றறி நாலைந்து வயதென்றால் நவம்பரிலேயே சோதியுங்கள். வின்னிபெக், எட்மன்ரன் பக்கம் இருப்பவர்கள் இரவில் எஞ்சின் சூடாக்கியை மின்சாரத்தில் செருகி வையுங்கள்.

இன்னொன்று, பலர் கேட்காமல் மாட்டுப்படுகிற விசயம்: எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரைமிங் பெல்ற். 2006க்குப் பிந்திய சிவிக்கிலும் 1998க்குப் பிந்திய கொரோலாவிலும் அதற்குப் பதிலாகச் சங்கிலி. நம் குடும்பங்கள் விரும்பி வாங்குகிற ஒடிசி வானில் பெல்ற். அதை ஏறத்தாழ 160,000 கிலோமீற்றருக்குள், தண்ணீர்ப் பம்போடு சேர்த்து மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே போய்விடும். மாற்றினோம் என்று விற்பவர் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

கராஜில் தமிழில் கதைப்பது சுகம்தான், ஆனாலும் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். அண்ணை கோபிக்க மாட்டார். ஒன்ராறியோச் சட்டப்படி மதிப்பீட்டைவிடப் பத்து வீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் தரச் சொல்லிக் கேட்கலாம். வேலைக்கும் பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. செய்ததையெல்லாம் திகதி, கிலோமீற்றரோடு ஒரு கொப்பியில் எழுதிக் காருக்குள்ளேயே வையுங்கள்.

ஏப்ரலில் உப்புப் போடுவது நின்றதும், நல்ல மழைக்குப் பிறகு அடிப்பக்கத்தை இரண்டு தடவை கழுவுங்கள். கதவுகளின் அடியில் தண்ணி வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தி விடுங்கள். பிறகு கால் விரிப்புகளை வெளியே எடுத்து, கீழே உள்ள கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சப்பாத்தோடு வந்த உப்பு அங்கேதான் ஈரமாகக் கிடக்கும். வெயிலில் கதவைத் திறந்துவிட்டு நன்றாகக் காய வையுங்கள்.