கரைப்பறவைகளைக் கலைக்காமல் காண்பது எப்படி: கோடியக்கரையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

கோடியக்கரைக்கு வலசைப் பறவைகளைக் காண வருகிறவர்களில் பலர், தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும் பூநாரைகளைப் பார்த்துவிட்டு நிறைவோடு திரும்பிவிடுகிறார்கள். அதே சேற்றில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய சாம்பல் நிறப் பறவைகள் பெருங்கூட்டமாக இரை தேடிக்கொண்டிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், கோட்டான் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) என்று நாம் அழைக்கும் இக்கரைப்பறவைகளுள் பல, சைபீரியாவின் பனிவெளிகளிலும் நடு ஆசியாவின் மேட்டுநிலங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்டு மாதம் முதலே நம் கரைக்கு வரத் தொடங்கி ஏப்ரல் வரை தங்குகின்றன. இவற்றைக் காண விரும்புகிறவர், பெயர்களைப் படிக்கத் தொடங்கும் முன்பே, எங்கே, எப்போது, எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். ஆள் நெருங்கும்போதெல்லாம் அது எழுந்து பறந்தால், பறப்பதற்குச் செலவாகும் கொழுப்பும், இரை தேடாமல் கழியும் நேரமும் இரட்டை இழப்பாகின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த இழப்பு மேலும் கடுமையானது. நெடும்பயணத்துக்கு முன் சில இனங்கள் தம் எடையை ஏறக்குறைய இரு மடங்கு வரை கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாட்களில் கடந்தது செயற்கைக்கோள் கருவியால் பதிவானது. அத்தகைய பயணத்துக்கான எரிபொருள் முழுவதும் சேற்றுப்புழுக்களிலிருந்தும் சிறு சிப்பிகளிலிருந்தும் கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்தால், பறவையைக் கலைப்பது எவ்வளவு பெரிய தீங்கு என்பது விளங்கும்.

நேரமும் இடமும்

பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) வடியும்போது இப்பறவைகள் சேற்றில் மேயும். ஓதம் ஏறும்போது மேட்டில் கூடி ஓய்வெடுக்கும். பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால், கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் நீர்மட்டத்தை அதிகம் தீர்மானிப்பவை காற்றும் வடகிழக்குப் பருவமழையும்தான். மழை நின்று, ஜனவரி முதல் நீர் மெல்ல வற்றத் தொடங்கும்போது, ஈரம் மினுங்கும் சேற்று விளிம்பு நாளுக்கு நாள் இடம் மாறும். பறவைகளும் அந்த விளிம்போடு நகரும். சிறிய உள்ளான்களின் கால்கள் குட்டையானவை. ஓரிரு விரற்கடை ஆழத்துக்கு மேல் அவை இறங்குவதில்லை. மூக்கன்களும் நெடுங்கால் உள்ளான்களும் அதற்கு அப்பால் வயிறு நனையும் ஆழத்தில் நிற்கும். ஆகவே, நீர் ஆழத்தைக் கவனித்தாலே எந்தப் பறவையை எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும். உப்பளங்களிலும் இதே கவனம் தேவை: கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பாத்திகளில் இரை மிகுதி, உப்பு விளையும் பாத்திகளில் இரை அரிது என்றாலும், அவற்றின் வரப்புகளில் பறவைகள் ஓய்வெடுக்கும். சரணாலயத்துக்குள் வனத்துறையிடமும், அளங்களில் உரியவரிடமும் அனுமதி பெற்ற பின்னரே நுழைய வேண்டும்.

விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறி கானல் அலையடிக்கும் முன் முடித்துவிடுவது நல்லது. கானல் எழுந்துவிட்டால் எவ்வளவு உயர்ந்த தொலைநோக்கியாக இருந்தாலும் கால் நிறம்கூடத் தெரியாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று, நடமாடாமல், முடிந்தால் தாழ்வாக உட்கார்ந்துவிட வேண்டும். கூட்டத்தை நோக்கி நேராக நடப்பதைக் காட்டிலும், ஓரிடத்தில் அமர்ந்து அவை மேய்ந்தபடி நம்மை நோக்கி வரக் காத்திருப்பதே சிறந்த வழி. பறவைகள் இரை கொத்துவதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அது முதல் எச்சரிக்கை. அந்த நொடியே நின்றுவிட வேண்டும். அவை ஒரே திசையில் நடந்து விலகத் தொடங்கினால் நாம் பின்வாங்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று அலகை முதுகிறகில் செருகி உறங்கும் கூட்டத்தை நெருங்கவே கூடாது.

அடையாளம் காணுதல்

குளிர்காலத்தில் இவற்றுள் பலவும் சாம்பலும் வெள்ளையுமாகவே இருப்பதால், இறகு நிறத்தை நம்பித் தொடங்குகிறவர் விரைவில் சோர்ந்துபோவார். இரை தேடும் முறையிலிருந்து தொடங்குவது நலம். உப்புக்கொத்தி சில அடிகள் ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண்களால் இரையைக் கண்டு பிடிக்கும் பறவை அது. வளைமூக்கு உள்ளான் தலையைத் தாழ்த்தியபடியே சேற்றைத் தையல் ஊசிபோல் விடாமல் குத்திக்கொண்டு நகரும். அதன் அலகு நுனியில் தொடுவுணர்வு நரம்புகள் செறிந்துள்ளதால், கண்ணுக்குத் தெரியாத புழுவையும் அது உணர்ந்து எடுக்கிறது. கொசு உள்ளான் சேற்றின் மேற்பரப்பிலிருந்து விரைவாகப் பொறுக்கும். கல்திருப்பி உள்ளான் கூழாங்கல்லையும் கடற்பாசியையும் அலகால் புரட்டும். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு நண்டு வளைக்குள் இறங்கும். இந்த ஐந்து முறைகளும் கண்ணுக்குப் பழகிய பிறகு, அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுவது, கால் நிறம், பறக்கும்போது தெரியும் வெண்பட்டை ஆகியவற்றுக்குச் செல்லலாம். ஏப்ரலில் வளைமூக்கு உள்ளானின் மார்பு செங்கல் நிறம் பெறுவதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

எண்ணுதலும் பதிவும்

பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவால் இடமிருந்து வலமாக அளந்து செல்ல வேண்டும். கலந்து மேயும் கூட்டமாயின், மொத்தத்தை முதலில் மதிப்பிட்டு, பிறகு வெவ்வேறு இடங்களில் நூறு நூறாகப் பார்த்து இனவாரியாகப் பிரிக்கலாம். 1987 முதல் ஜனவரி மாதத்தில் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், தமிழ்நாட்டில் 2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் எவரும் பங்கேற்கலாம். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் பதியும்போது, இனத்தின் பெயரோடு எண்ணிக்கையையும் கட்டாயம் தர வேண்டும். 2024 அக்டோபரில் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் இனங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனங்களாக உயர்த்தப்பட்டதற்கு அடிப்படை, பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இத்தகைய எண்ணிக்கைகளே.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருவதால், காலில் வளையமோ வண்ணக் கொடியோ (அடையாளத்துக்கான சிறு வண்ணப் பட்டை) தென்படக்கூடும். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, இரு கொடிகள் இருந்தால் மேலே எந்த நிறம், எழுத்துகள் எவை என்பவற்றை உடனே குறித்துக்கொண்டு கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எழுத்தைப் படிப்பதற்காகப் பறவையைத் துரத்தக் கூடாது.

கோடையில் கூடுதல் கவனம்

வலசைப் பறவைகள் சென்ற பின்னும் கரை காலியாவதில்லை. கெண்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து 2023-இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட அனுமன் உப்புக்கொத்தி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழ்ந்து, கோடையில் வெறும் மணற்குழியில் முட்டையிடுகிறது. மணல் நிறத்தில் கரும் கிறுக்கல்கள் கொண்ட அந்த முட்டைகள் காலடியில் நசுங்கும்வரை தெரியாது. ஆகவே அக்காலத்தில் அலை நனைத்த ஈரமணலிலேயே நடக்க வேண்டும். கடற்கரையில் வண்டி ஓட்டவே கூடாது. உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து நடித்தால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும். கூட்டைப் படமெடுக்க நின்றால், வெயிலில் முட்டை வேகும், காகமும் கவனிக்கும்.

வாழிடம் காத்தல்

பறவையைக் கலைக்காதிருப்பது போலவே சேற்றுவெளியைத் திறந்தவெளியாக இருக்கவிடுவதும் முக்கியம். எதிரியைத் தொலைவிலேயே காண முடியாத இடத்தில் இவை மேய்வதில்லை. சீமைக்கருவேலம் பரவினாலும், இறால் பண்ணைக்குக் கரை எழுப்பினாலும் அவ்விடம் இவற்றுக்கு இல்லாமல் போகிறது. அலையாத்தி நடுவது நற்பணிதான். முத்துப்பேட்டை போன்ற இயல்பான காடுகளை மீட்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் முன்பு மரமே இல்லாத சேற்றுவெளியில் வாய்க்கால் வெட்டிக் கன்று நட்டால், பறவைகளின் உணவுக்களம் அழிகிறது. எனவே உங்கள் ஊர்க் கழிமுகத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எண்ணி, தேதி, நீர்மட்டம், பறவைகள் மேய்ந்த இடத்தின் வரைபடம் ஆகியவற்றோடு பதிவு செய்துவாருங்கள். நடவுத் திட்டமோ கட்டுமானமோ பேச்சளவில் இருக்கும்போதே அந்தப் பதிவுகளின் நகலை மாவட்ட வன அலுவலரிடமும் ஊராட்சியிடமும் எழுத்துமூலம் அளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.