ஞாயிறு ஓய்வுக்குச் சனிக்கிழமையே ஏற்பாடு

எங்கள் ராயபுரம் வீட்டில் ஞாயிறு ஓய்வைக் கெடுத்தது ஆராதனை அல்ல, சமையல். காலையில் காசிமேட்டுக் கூட்டத்தில் மீன் வாங்கி, கோவிலுக்கு (சர்ச்சுக்கு) ஓடி, வந்து ஆய்ந்து குழம்பு வைத்தால் மணி மூன்று. இப்போது மீன் சனிக்கிழமையே வந்துவிடும். ஆய்ந்து, கழுவி, தண்ணீரை நன்றாக வடித்து, மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். எலுமிச்சைச் சாறு அப்போதே சேர்த்தால் சதை உதிரும். குழம்பையே முதல் நாள் வைத்துவிட்டால் ருசியும் கூடும். வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் கொடுத்த உணவான மன்னாவை, ஓய்வு நாளுக்கு முந்தின ஆறாம் நாளிலேயே இரட்டிப்பாகச் சேர்த்து, சமைத்து வைக்கச் சொன்னதும் இதே ஏற்பாடுதான்.

சீருடை துவைப்பது, மாவு அரைப்பது, குடங்களில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் சனியோடு முடியணும்.

சாப்பிட்டுப் படுத்தால் அரை மணி நேரத்தில் எழ அலாரம். மாலை வரை தூங்கினால் இரவுத் தூக்கம் போய்த் திங்கள் பாழ். போன் பீரோவுக்குள். சபைக் கூட்டங்களை வார நாள் மாலைக்கு மாற்றித் தரச் சொல்லிப் போதகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அம்மா மட்டும் அடுப்படியில் நின்றால் அது ஓய்வே இல்லை. யாத்திராகமம் 20:10 வேலைக்காரரையும் மிருகஜீவனையும்கூடச் சேர்த்துத்தான் ஓய்வு கொடுக்கிறது. அதனால் அன்று பாத்திரம் கழுவுவது அப்பாவும் பிள்ளைகளும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தோடு லீவு.