அனிமேஷன் ஒளிக்காட்சியில் இன்டர்லேஸ் கோடுகளையும் மினுமினுப்பையும் களைதல்

தொலைக்காட்சிக்கான அனிமேஷன் தொடரை டிவிடியிலிருந்து எடுத்து என்கோடு (சுருக்கிய கோப்பாக மாற்றுதல்) செய்பவர்கள், சீப்புப் பல் போன்ற கோடுகளைக் கண்டதும் அவற்றை அழிக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போட்டுவிடுகிறார்கள். இன்டர்லேஸ் முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு ஃபீல்டுகளாக இருக்கும்; அவை வெவ்வேறு கணத்தைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் இந்தக் கோடுகள் தெரியும். கோடுகள் மறைந்துவிடும், ஆனால் அசையாத மேசையின் விளிம்பும் கதாபாத்திரத்தின் இமைக்கோடும் மேலும் கீழுமாக நடுங்கத் தொடங்கும். பிறகு நாம் போராடிக் களையும் மினுமினுப்பில் பெரும்பகுதி இப்படி நாமே வரவழைத்ததுதான்.

ஆகவே எந்த ஃபில்டரையும் தொடுவதற்கு முன், பின்னணி பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சியைத் தேர்ந்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். வாயசைவை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே ஓவியம் இரண்டு மூன்று ஃபிரேம்களுக்கு நிற்பது அனிமேஷனில் வழக்கம் என்பதால் அது கணக்கைக் குழப்பிவிடும். என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் பழைய தொலைக்காட்சி முறை) ஒளிக்காட்சியில் ஒவ்வொரு ஐந்து ஃபிரேம்களிலும் மூன்று தெளிவாகவும் இரண்டு கோடு விழுந்தும் இருந்தால், அது நொடிக்கு ஏறத்தாழ 24 (துல்லியமாக 23.976) ஃபிரேம் படத்தை, சில ஃபீல்டுகளைத் திரும்பக் காட்டும் டெலிசினி முறையில் 29.97 ஆக விரித்தது. இங்கே டீஇன்டர்லேஸ் செய்தால் நல்ல ஃபிரேம்களின் செங்குத்து நுணுக்கமும் வீணாகும். பிரிந்துபோன ஃபீல்டுகளை உரிய இணையோடு மீண்டும் சேர்த்து, ஐந்தில் ஒன்றாக மிஞ்சும் இரட்டை ஃபிரேமை நீக்கி, 23.976-க்குத் திரும்புவதே சரியான வழி. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற ஒளிக்காட்சிக் கருவியில் ஃபீல்ட்மேட்ச் (ஃபீல்டுகளை இணைப்பது), யாடிஃப் (டீஇன்டர்லேஸ் செய்வது), டெசிமேட் (இரட்டை ஃபிரேமை நீக்குவது) ஆகிய ஃபில்டர்களை இதே வரிசையில் கோக்க வேண்டும். நடுவிலுள்ள யாடிஃபை, இணை கிடைக்காத ஃபிரேம்களில் மட்டும் இயங்குமாறு அமைக்க வேண்டும். ஏவிஐசிந்த் (AviSynth) என்ற ஸ்கிரிப்ட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு டிஎஃப்எம் (TFM), டிடெசிமேட் (TDecimate) இரண்டும் இதே வேலையைச் செய்யும்.

பால் (PAL, ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறை) ஒளிக்காட்சியில் ஒரு பொறி உண்டு. அசைவுள்ள எல்லா ஃபிரேமிலும் கோடு தெரிவதால் உண்மையான இன்டர்லேஸ் என்று தோன்றும். ஆனால் ஃபீல்டுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் இரண்டிரண்டாக ஒரே படம் வரும். ஃபீல்டுகள் ஒரு படி தள்ளி இணைக்கப்பட்டதே அங்குள்ள பழுது என்பதால், பொருத்தினால் போதும், எதையும் நீக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபீல்டிலும் புதிய அசைவு தெரிந்தால் மட்டுமே உண்மையான டீஇன்டர்லேஸ் தேவை. தொடரின் இறுதியில் உருளும் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் இந்த வகை. அதற்காக முழு அத்தியாயத்தையும் பலிகொடுக்காமல், அந்தப் பகுதியைத் தனியாகக் கையாளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மினுமினுப்பு இருந்தால், அதன் வகையைப் பிரித்தறிய வேண்டும். நிற எல்லைகளில் ஊரும் சிறு புள்ளிகளும், மெல்லிய கருங்கோடுகளின் மேல் படரும் வானவில் சாயலும், ஒளியையும் நிறத்தையும் ஒரே சிக்னலில் அடைத்த காம்போசிட் பதிவின் எச்சங்கள். அப்புள்ளிகளின் சுழற்சி மூல ஃபீல்டு வரிசையோடு பிணைந்திருப்பதால், டிகோம்ப் (TComb) போன்ற ஃபில்டரை ஃபீல்டு பொருத்துவதற்கு முன்பே இயக்க வேண்டும். பின்னால் போட்டால் பயன் குறைவு. மாறாக, மூலமே தவறாக டீஇன்டர்லேஸ் செய்யப்பட்டு வந்து கோடுகள் நடுங்கினால், க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்டை இன்புட்டைப் (InputType) 2 அல்லது 3 அமைப்பில், ப்ரோக்ரெஸிவ் (ஃபீல்டுகளாகப் பிரியாத) ஒளிக்காட்சியைச் சீர்செய்யும் விதமாக இயக்கலாம். இது அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு நடுக்கத்தை அடக்குவதால், பென்சில் கோட்டின் இயல்பான தடிப்பு மாற்றத்தையும் சேர்த்து வழித்துவிடக்கூடும். கண்ணும் வாயும் வேகமாக அசையும் ஒரு காட்சியை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தே வலிமையைக் கூட்டுங்கள். சிறிது மினுக்கம் மிஞ்சினாலும் கோடு உயிரோடு இருப்பதையே நான் விரும்புவேன்.

அளவு மாற்றம் இவை அனைத்திற்கும் பிறகுதான். ஃபீல்டுகளைச் சரிசெய்யும் முன் உயரத்தை மாற்றினால் மேல்வரியும் கீழ்வரியும் கலந்துவிடும், அதை எந்த ஃபில்டராலும் முழுதாக மீட்க முடியாது. எக்ஸ்264 (x264) என்கோடரில் டியூன் அனிமேஷன் என்ற அமைப்பு தட்டையான நிறப்பரப்புகளுக்கு ஏற்றது. வானம் போன்ற நிறச்சரிவுகளில் பட்டைகள் தெரிந்தால், ஒளிக்காட்சியை இயக்கும் கருவி ஏற்குமா என்று பார்த்துக்கொண்டு 10 பிட்டில் என்கோடு செய்யலாம்.